இல்லை என்று சொல்லத் தெரிந்த இரசாயனம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

கரடியனாறு என்ற பெயர் ஒரு நாள் உலகச் செய்திகளில் வந்தது. 2010 செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை. வீதி அமைப்பு வேலைக்குப் பாறை உடைப்பதற்காகச் சீன நிறுவனமொன்று கொண்டுவந்த வெடிபொருள்கள், கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் கொள்கலன்களுக்குள் வைக்கப்பட்டிருந்தன. அவை வெடித்தன. பொலிஸ் நிலையம் இருந்த இடத்தில் பெரும் பள்ளம்தான் மிஞ்சியது. முதலில் 60 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. பிறகு அந்தத் தொகை 25 அளவுக்குத் திருத்தப்பட்டது. பொலிஸார், பொதுமக்கள், சீனப் பிரஜைகள் இருவர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

யுத்தம் முடிந்து 16 மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்ட எவருக்கும் முதலில் வந்திருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "யார் வச்சது?" அது தாக்குதல் இல்லை, விபத்து என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். ஊர் மெதுவாக மூச்சு விட்டது.

"யார் வச்சது" என்ற கேள்வியை நான் பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். எது நடந்தது என்று தெரிவதற்கு முன்னரே யார் செய்தது என்று கேட்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இரசாயனவியல் வேறு வரிசையில் கேட்கிறது. முதலில் என்ன பொருள்? எவ்வளவு? அது அங்கே இருக்க வேண்டிய பொருளா, இருக்கக் கூடாத பொருளா? ஆளைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும். சில வேளை வராமலேயே போகும்.

ஒரு வெடிப்பு நடந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளத்து மண்ணையும் நெளிந்துபோன இரும்புத் துண்டுகளையும் தனித்தனியாக எடுத்து, மூடி, முத்திரையிடுவார்கள். ஆய்வுகூடத்தில் ஒரு பங்கைத் தண்ணீராலும் இன்னொரு பங்கை அசற்றோன் போன்ற கரைப்பானாலும் கழுவுவார்கள். தண்ணீரில் அமோனியம், நைத்திரேற்று போன்ற அயன்கள் வரும். கரைப்பானில் நைத்திரோகிளிசரின், ரி.என்.ரி., ஆர்.டி.எக்ஸ். போன்றவை வரும். கல்லுடைக்கும் டைனமைட்டின் எச்சமும் இராணுவ வெடிபொருளின் எச்சமும் ஒன்றல்ல. என்ன வெடித்தது என்பதை மண் சொல்லிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கரடியனாறு வயல் காணி உள்ள பிரதேசம். யூரியா விழுந்த மண்ணில் அமோனியமும் நைத்திரேற்றும் எப்படியும் இருக்கும். பள்ளத்து மண்ணில் நைத்திரேற்று கண்டேன் என்று ஒருவர் சொன்னால், "இங்கே எந்த மண்ணில் அது இல்லை?" என்று ஒரு விவசாயியே திருப்பிக் கேட்கலாம். அதனால்தான் இப்படியான இடங்களில் வெடிப்பு தொடாத தூரத்திலிருந்தும் கொஞ்சம் மண் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே விதமாகச் சோதிக்க வேண்டும். இதைத்தான் பாடப்புத்தகத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று படிக்கிறோம். பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உண்மையில் எத்தனையோ மனிதர்களின் கழுத்து அந்த ஒரு விடயத்தில் தொங்கியிருக்கிறது.

தடயவியல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தொலைக்காட்சி நாடகங்கள். வெள்ளைக் கோட் போட்டவர் ஒரு துளியைப் பார்த்து "இவன்தான்" என்பார். வரலாற்றை வாசித்தால் வேறு விதமாகத் தோன்றுகிறது. "இருக்கிறது" என்று சொல்ல மனிதனுக்கு இரசாயனம் தேவைப்படவே இல்லை. அதை அவன் ஆய்வுகூடம் இல்லாமலேயே ஆயிரம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நம்பத் தகுந்த விதமாக "இல்லை" என்று சொல்லத்தான் விஞ்ஞானம் வர வேண்டியிருந்தது.

ஆய்வுகூடம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு 1348ஆம் ஆண்டைப் பாருங்கள். ஐரோப்பாவில் கறுப்புச் சாவு எனப்பட்ட கொள்ளைநோய் பரவிய வருடம். பக்டீரியா என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. யூதர்கள் கிணறுகளில் நஞ்சுப் பொடி போடுகிறார்கள் என்று கதை கிளம்பியது. ஜெனீவா ஏரிக்கரையில் ஷியோன் என்று ஒரு கோட்டை. அங்கே பிடித்து வைத்திருந்த யூதர்களைச் சித்திரவதை செய்து, "ஆம், போட்டோம்" என்று வாக்குமூலம் வாங்கினார்கள். அதைப் பிரதி எடுத்து மற்ற நகரங்களுக்கு அனுப்பினார்கள். அப்படி ஒரு பிரதி ஸ்ட்ராஸ்பேர்க் நகரத்துக்கும் போனது. 1349 பெப்ரவரி 14ஆம் திகதி அங்கே நூற்றுக்கணக்கான யூதர்கள் எரிக்கப்பட்டார்கள். அந்த நேரம் ஸ்ட்ராஸ்பேர்க்குக்குக் கொள்ளைநோய் வந்திருக்கவே இல்லை.

அந்த நோயில் யூதர்களும் சாகிறார்களே என்று பாப்பரசர் ஆறாம் கிளெமென்ட் 1348இலேயே எழுதிப் பார்த்தார். எடுபடவில்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் எவரும் சோதிக்கவில்லை. சோதிக்க ஒரு முறையும் இருக்கவில்லை. வாக்குமூலம் இருந்தது, அது போதுமாக இருந்தது. நஞ்சுக் குற்றச்சாட்டின் தன்மையே அதுதான். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே "நான் போடவில்லை" என்று காட்டக் குற்றஞ்சாட்டப்பட்டவனிடம் எதுவும் இருக்காது. ஏற்கெனவே யார்மீது சந்தேகமோ, அவர்தான் போட்டார் என்று ஊர் முடிவெடுத்துவிடும்.

இந்த நிலை மாறத் தொடங்கியது ஆசனிக்கினால். வெள்ளை ஆசனிக்குக்குப் பெரிதாக ருசியும் இல்லை, மணமும் இல்லை. எலி மருந்தாகக் கடையில் மலிவாகக் கிடைத்தது. சாப்பிட்டவருக்கு வரும் வாந்தியும் வயிற்றோட்டமும் வாந்திபேதி மாதிரியே இருக்கும். 1833இல் இங்கிலாந்தில் ஜோன் பொடில் என்ற இளைஞன் தன் பாட்டனாருக்குக் கோப்பியில் நஞ்சு வைத்தான் என்று வழக்கு. வூலிச் ஆயுதச்சாலையில் வேலை செய்த இரசாயனவியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் சோதித்தார். ஐதரசன் சல்பைட்டு வாயுவைச் செலுத்தியபோது ஆசனிக்குக்குரிய மஞ்சள் வீழ்படிவு வந்தது. ஆனால் ஜூரிக்குக் காட்டும் நாள் வருவதற்குள் அந்த மஞ்சள் கெட்டுப்போனது. ஜூரி நம்பவில்லை. பொடில் விடுதலையானான். பிறகு தானே செய்ததாக ஒப்புக்கொண்டான்.

மார்ஷுக்கு அது மனதை அரித்தது. கெட்டுப்போகாத சாட்சியம் ஒன்றைத் தேடினார். 1836இல் தன் முறையை வெளியிட்டார். நாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் ஐதரசன் வரும் என்பது தரம் பத்துப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குள் சந்தேகத்துக்குரிய பொருளைப் போட்டால், ஆசனிக்கு இருக்குமானால் ஆர்சீன் என்ற வாயுவும் சேர்ந்து வரும். அதைச் சூடாக்கினால் கண்ணாடியில் பளபளப்பான கறுப்புப் படலம் படியும். ஆசனிக்குக் கண்ணாடி என்று பெயர். அதை மூடி வைத்து மாதக்கணக்கில் பின்னும் நீதிமன்றத்தில் காட்டலாம். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கையும் பிடிக்கும் என்றார்கள்.

இங்கேதான் புதிய ஆபத்தும் வந்தது. அவ்வளவு கூர்மையான சோதனை, கடையில் வாங்கிய நாகத்திலும் அமிலத்திலும் அழுக்காகக் கிடக்கும் ஆசனிக்கையும் பிடித்துவிடும். அதாவது யாரும் நஞ்சே வைக்காத உடலிலும் "நஞ்சு" தெரியும்.

1840இல் பிரான்சின் தூல் நகரத்தில் மரி லஃபார்ஜ் வழக்கு. கணவனுக்கு ஆசனிக்கு கொடுத்தாள் என்பது குற்றச்சாட்டு. உள்ளூர் நிபுணர்கள் ஒரு தடவை உண்டு என்றார்கள், உடலைத் தோண்டியெடுத்துச் சோதித்தபோது இல்லை என்றார்கள். கடைசியில் பாரிசிலிருந்து நச்சியலின் தந்தை எனப்படும் ஓர்ஃபிலா வந்து, உடலில் ஆசனிக்கு உண்டு என்றார். அவர் இன்னும் இரண்டு விடயங்களைச் சொன்னார் என்பதே எனக்கு முக்கியம். இந்த ஆசனிக்கு நான் பாவித்த இரசாயனங்களிலிருந்து வந்ததல்ல. பெட்டியைச் சுற்றியிருந்த மையவாடி மண்ணிலிருந்து வந்ததுமல்ல. இரண்டையும் தனியாகப் பார்த்த பிறகுதான் "உண்டு" என்ற சொல்லை அவர் சொன்னார்.

எல்லாரும் அப்படிக் கவனமாக இருக்கவில்லை. 1859இல் லண்டனுக்குப் பக்கத்து ரிச்மண்டில் டொக்டர் தோமஸ் ஸ்மெதர்ஸ்ட் கைதானார். தன்னோடு வாழ்ந்த இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண்ணை நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அன்றைய இங்கிலாந்தின் முதல்தர நிபுணர் அல்பிரட் ஸ்வெய்ன் டெய்லர், ஒரு போத்தலிலிருந்த மருந்தில் ஆசனிக்கு கண்டேன் என்றார். பிறகு பார்த்தால் அந்த ஆசனிக்கு வந்தது அவர் சோதனைக்குப் பாவித்த செப்புக் கம்பி வலையிலிருந்து! போத்தலிலிருந்த குளோரேற்று செப்பைக் கரைத்து, செப்புக்குள் இருந்த ஆசனிக்கை வெளியே விட்டிருக்கிறது. டெய்லர் அதை நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் ஸ்மெதர்ஸ்ட்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் எதிர்த்தபின் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் நல்ல மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே மனைவி இருக்க இரண்டாவது திருமணம் செய்ததற்காகப் பிறகு சிறைக்குப் போனார். ஆனால் செப்புக் கம்பி செய்த குற்றத்துக்காக ஒரு மனிதன் தூக்குக் கயிறு வரை போய்வந்தான்.

அதன் பிறகு வெற்றுச் சோதனை, அதாவது மாதிரி எதுவும் போடாமல் இரசாயனங்களை மட்டும் வைத்து முதலில் செய்து பார்ப்பது, தவிர்க்க முடியாத ஒழுக்கமாக ஊன்றியது. வெறுமையாகச் செய்யும்போது "இல்லை" என்று வராத சோதனையின் "உண்டு" எதற்கும் உதவாது.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் முதலாவது இரசாயனப் பரிசோதகர் ஆய்வுகூடம் 1849இல் மதராசில் தொடங்கப்பட்டது. 1853இல் கல்கத்தாவிலும், 1864இல் ஆக்ராவிலும், 1870இல் பம்பாயிலும் அடுத்தடுத்து வந்தன. தமிழ் பேசும் ஒரு நகரம் இந்தத் துறையில் இவ்வளவு முந்தியது என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் நஞ்சு வைப்பதை இந்த மண்ணின் மக்களுடைய பிறவிக் குணம் போல எழுதினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆய்வுகூடம் வந்தது முழுக்க நியாயத்துக்காக மட்டுமல்ல, சந்தேகத்தினாலும்தான். இருந்தாலும் கருவி கருவிதான். சந்தேகத்தோடு கட்டிய ஆய்வுகூடமும், குடலில் நஞ்சு இல்லையென்றால் இல்லை என்றே எழுத வேண்டியிருந்தது.

நம் நாடுகளில் ஆசனிக்கை விடத் தாவரங்கள் பெரிய தலையிடி. ஊமத்தை, எட்டி, கார்த்திகைப் பூக் கிழங்கு, வேலியோரத்து மஞ்சள் அலரி என்று எல்லாம் நம் வளவுகளிலேயே நிற்கின்றன. ஆசனிக்கு உலோகம் போன்ற ஒன்று, உடல் அழுகினாலும் அது அழியாது. தாவர நஞ்சோ இறைச்சியோடு இறைச்சியாகக் கலந்துவிடும். இதற்கு வழி கண்டவர் பெல்ஜியத்தின் ஸ்டாஸ். 1850இல் பொக்கார்மே பிரபு தன் மனைவியின் சகோதரனைப் புகையிலையிலுள்ள நிக்கோட்டினால் கொன்றபோது, அந்த உடலிலிருந்து நிக்கோட்டினைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அமிலமும் அற்ககோலும் சேர்த்துக் கரைப்பது, வடிப்பது, பிறகு காரம் சேர்த்து ஈதருக்குள் இழுப்பது என்று முறை போகும். பிறகு ஒட்டோ என்பவர் அதைத் திருத்தினார். ஸ்டாஸ்-ஒட்டோ முறை என்று இன்றைக்கும் நம் பிராந்தியத்து நச்சியல் ஆய்வாளர்களுக்கு அது தெரிந்த பெயர்.

இலங்கையில் இந்த வேலையைச் செய்வது அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம். இப்போது பத்தரமுல்ல, பெலவத்தையில் இருக்கிறது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விஞ்ஞான விடயங்களில் நிபுணரின் அபிப்பிராயத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அபிப்பிராயம் என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு சொல்வது நீதிமன்றம். பகுப்பாய்வாளர் பொருளைப் பற்றி மட்டும் பேசுவார்.

கொழும்பில் 1978-79இல் நடந்த ஒரு வழக்கு பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். மெத்தியூ பீரிஸ் என்ற பாதிரியாரின் வீட்டோடு தொடர்புபட்ட இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒருவர் ரசல் இங்ரம், மற்றவர் பாதிரியாரின் மனைவி யூனிஸ். நீரிழிவு நோயாளிகள் பாவிக்கும் மாத்திரையால் அவர்களுடைய இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறக்கப்பட்டது என்பதே வழக்கு. வழமையான நஞ்சு கதையில் இருக்கக் கூடாத ஒன்று உடலில் இருக்கும். இங்கே இருக்க வேண்டிய சீனி இல்லாமல் போனது. இல்லாமையும் சாட்சியமாகும். 1984இல் பாதிரியாரும் ரசலின் மனைவியும் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். அது இரண்டு மனிதர்களின் குற்றமாகவே விசாரிக்கப்பட்டது. ஒரு மதத்தின் குற்றமாக அல்ல. நியாயமான விசாரணை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி அம்பாறைக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் தன் சாப்பாட்டில் ஒரு கட்டியைக் கண்டார். சிங்களவர்களை மலடாக்க முஸ்லிம்கள் சாப்பாட்டில் மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை அதற்கு முன்பே முகநூலில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரளமில்லை. மிரட்டலுக்கு நடுவே கேட்டதற்கு ஆமாம் என்பது போல ஏதோ சொன்னார். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். அன்றிரவே கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. அந்த வீடியோ நாடு முழுக்கப் போனது.

ஷியோன் கோட்டை வாக்குமூலம் ஊர் ஊராகப் போன கதையை மேலே சொன்னேன். அதற்கும் இதற்கும் இடையே 670 வருடம். அன்றைக்குக் குதிரையில் போனது, இன்றைக்கு விரல் நுனியில் போகிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. இந்தத் தடவை கட்டி இருந்தது. அதைச் சோதிக்க இடமும் இருந்தது. மாதிரி அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்பட்டது. மார்ச் மாதத்தில் அறிக்கை வந்தது. அந்த உணவில் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் எந்த இரசாயனமும் இல்லை. கட்டியாக இருந்தது காபோவைதரேற்று. சுத்தத் தமிழில் சொன்னால் மாவுக் கட்டி.

மாவுக் கட்டி! கறி காய்ச்சத் தெரிந்த எந்தத் தாய்க்கும் மாவு சரியாகக் கரையாவிட்டால் என்ன வருமென்று தெரியும்.

அறிக்கை வருவதற்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கண்டியில், வேறொரு சம்பவத்தில் தாக்கப்பட்ட சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி இறந்துபோக, திகன, தெல்தெனியப் பக்கம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. கண்டிக்கு உடனடிக் காரணம் மாத்திரைக் கதை அல்ல. ஆனால் எரியத் தயாராக விறகை அடுக்கி வைத்ததில் அந்தக் கதைக்குப் பங்கில்லை என்று எவராலும் சொல்ல முடியாது.

இங்கே இரசாயனம் தோற்றதா, வென்றதா என்று யோசித்துப் பார்க்கிறேன். கடையைக் காப்பாற்றவில்லை, பள்ளிவாசலைக் காப்பாற்றவில்லை. ஒரு மாதிரியைப் பிரித்தெடுக்க, ஓட விட, ஒப்பிட, மீண்டும் செய்து பார்க்க நாட்கள் வேண்டும். வதந்திக்கு நிமிடங்கள் போதும். அந்த ஓட்டத்தில் ஆய்வுகூடம் எந்நாளும் பின்னால்தான் வரும். ஆனாலும் 1349இல் எரிந்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்தது. அரசாங்கத்தின் முத்திரையோடு, எழுத்தில், "இல்லை" என்ற ஒரு சொல். இருபது வருடம் கழித்து ஒரு பிள்ளை இந்தக் கதையைக் கேட்டு "உண்மையிலேயே போட்டாங்களா?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது.

அந்த "இல்லை"யை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். எந்த ஆய்வுகூடத்தின் "இல்லை"யும் மூன்று கால்களில் நிற்கிறது. முதலாவது, சோதித்த பொருள் அந்த இடத்தில் எடுத்த அதே பொருள்தானா? அதற்குத்தான் முத்திரையும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவும். இரண்டாவது, வெற்றுச் சோதனை. மூன்றாவது, தேடும் மருந்தைத் தெரிந்தே ஒரு மாதிரியில் கலந்து, அந்தச் சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. உண்டு என்று சொல்லத் தெரியாத சோதனையின் "இல்லை"க்கும் பெறுமதி கிடையாது. இந்த மூன்றும் இருந்தால், குரோமற்றோகிராபியில் ஒவ்வொரு பொருளும் தன் வேகத்தில் பிரிந்து நகர்வதையும், திணிவு நிறமாலைமானி அதன் மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறையைக் காட்டுவதையும் வைத்து, மிகச் சிறிய அளவையும் பிடிக்கலாம்.

இன்னொன்று. ஒரே ஒரு சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவத்தில் ஒன்று இல்லை. கருத்தடை மாத்திரையை நாளுக்கு நாள் தவறாமல் எடுக்க வேண்டும். நிறுத்தினால் கருவளம் திரும்பிவிடும். அதாவது அந்தக் கட்டி ஆய்வுகூடத்துக்குப் போகுமுன்பே, உயர்தரத்தில் உயிரியல் படித்த எவரும் இந்தக் கதையில் நின்று யோசித்திருக்கலாம். நாட்டில் அப்படிப் படித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! பாடம் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குக் கவலை.

நம் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அறிக்கை "உண்டு" என்று வந்திருந்தால்? அப்போதும் ஏற்றிருக்க வேண்டும். போட்டவரைச் சட்டத்திடம் கொடுத்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் உட்படப் பலரின் உயிர் போனது. அன்றைய தாக்குதல்களின் தலைவன் நம் பக்கத்து ஊர்க்காரன். அவன் செத்துவிட்டான் என்பதை மரபணுச் சோதனைதான் உறுதிப்படுத்தியது. அந்தச் சோதனையை நாம் நம்பினோம். நமக்குச் சாதகமாக வரும்போது விஞ்ஞானம், பாதகமாக வரும்போது சதி என்று சொல்ல ஆரம்பித்தால், அம்பாறை அறிக்கையை எடுத்துக் காட்ட நமக்கு வாயிருக்காது.

என் வகுப்பில் மாப்பொருள் பரிசோதனை வரும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகச் செய்விக்கிறேன். சோற்றில் அயடீன் ஒரு துளி விட்டால் கருநீலம். அது எல்லாருக்கும் தெரியும். அதோடு வெறும் தண்ணீருக்கும் ஒரு துளி விடச் சொல்கிறேன். நிறம் மாறாது. "சேர், ஒண்டும் நடக்கலயே, இத ஏன் எழுதணும்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் கொப்பியில் எழுத வேண்டும் என்று சொல்வேன். தண்ணீரும் கருநீலமானால் அயடீன் போத்தலில்தான் கோளாறு, சோற்றில் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. அவர்களுடைய அம்மாமார் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் பங்கு கேட்காமலே என் தட்டுக்கு வரும். நோன்பு முடிந்தால் எங்கள் வீட்டு வட்டிலப்பம் அவர்களுக்குப் போகும். எவரும் எதையும் சோதித்துப் பார்த்ததில்லை. கிழக்கில் நாம் இவ்வளவு காலம் வாழ்ந்தது ஆய்வுகூட அறிக்கையை வைத்தல்ல, இந்த நம்பிக்கையை வைத்துத்தான். அந்த நம்பிக்கையை யாரோ உடைக்க வரும்போதுதான் அறிக்கை தேவைப்படுகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. அம்பாறை வீடியோவைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். சிங்களம், தமிழ், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் எல்லாரும் பார்த்தோம், கோபத்திலோ பயத்திலோ நம்மில் பலரும் பகிர்ந்தோம். அந்த அறிக்கையை எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்? பகிர்ந்தவர்கள் கீழே சொல்லுங்கள். அறிக்கை வந்ததே இன்றுதான் தெரியும் என்றால் அதையும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைத் தெரியாத ஒருவருக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், போதும்.